மாடத்து இருக்கை

ஒரேலியா அப்பாவின் இடது கன்னத்தைச் சிரைத்து முடித்து வலது கன்னத்துக்கு வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை தன்னைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போக ஆள் பார்த்தாயிற்றா என்று கேட்டார். கத்தி கன்னத்தில் இருக்கும்போது வாயைத் திறக்க வேண்டாம் என்றாள் அவள். நார்ஃபோக் நீதிமன்றத்தில் அவள் அந்தக் குரலில் சொன்னால் பெரிய பெரிய வக்கீல்களே வாயை மூடிக்கொள்வார்கள். அப்பா வெண்டல் லாக்லி மூடவில்லை. படி குறுகல்தான், ஆனாலும் பர்விஸ் சித்தப்பாவின் பிள்ளைகள் வந்தால் நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார்.

அன்று பெரிய வியாழன். அவர் ஈஸ்டரைப் பார்க்க மாட்டார் என்று, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ் காலையில் சமையலறையில் வைத்துச் சொல்லியிருந்தாள். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வாழ்நாள் முழுக்க கழிமுகத்தில் படகோட்டிச் சிப்பி எடுத்த மனிதர். தண்ணீர் எப்போது வடியும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"என்னால முடியலன்னா நீ போய் உட்காரு," என்றார்.

"எங்கே?"

"தெரியாத மாதிரி கேட்காதே. முதல் பாட்டுலேர்ந்து ஆசீர்வாதம் வரைக்கும். அவ்வளவுதான் வேலை."

ஒரேலியா கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவினாள். "அப்பா, அந்த மாடத்தை இடிக்கிறாங்கன்னா கடப்பாரையை நானே வாங்கித் தருவேன். உங்களுக்குத் தெரியும்."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விக்கன் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலாந்து ராஜா வர்ஜீனியாவை ஆண்ட காலத்தில் கட்டிய கோயில் அது. உள்ளே வரிசையாகக் கதவு வைத்த மரப்பெட்டிகள், பெட்டிக்குள்தான் இருக்கை. உட்கார்ந்தால் தோளுக்கு மேல் உயரும் பலகை, பக்கத்துப் பெட்டிக்காரர் என்ன செய்கிறார் என்று தெரியாது. பெட்டிக்கு ஒரு குடும்பம். ஈஸ்டர் காலையில் அந்தக் குடும்பத்தில் ஒருவராவது முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரை உட்கார்ந்திருந்தால் பெட்டி அவர்களுக்கு. நற்கருணை வாங்கப் போவதைத் தவிர வேறெதற்கும் எழுந்து போகக் கூடாது. ஒரே ஓர் ஈஸ்டர் காலியாகக் கிடந்தாலும் அது சபைக் கமிட்டிக்குப் போய்விடும். ராஜா போனார். குருவானவர் கப்பலேறி ஓடிப்போனார். உள்நாட்டுப் போரில் பீடத்துக்கு முன்னால் குதிரை கட்டினார்கள், ஒருமுறை கூரையே சரிந்து விழுந்தது. இந்த வழக்கத்தை மட்டும் ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அந்தக் கோயிலின் எப்பிஸ்கோப்பல் சபைக்காரர்கள் கடவுளைப் பற்றிக்கூட விட்டுக்கொடுத்துப் பேசுவார்கள், இருக்கையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மேற்குப் பக்கத்து மேல்மாடம் அடிமைகளுக்காகப் பின்னால் சேர்த்தது. கட்டியவன் அப்சலோம், தானும் ஓர் அடிமை, வெண்டலுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். விடுதலை வந்த பிறகு ஒரு ஞாயிறு காலையில் மாடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து, படியிறங்கி, சாலைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிவிட்டார்கள். லாக்லி குடும்பம் மட்டும் நகரவில்லை. நாங்கள் கட்டியதை விட்டுவிட்டு நாங்கள் எதற்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மாடம் முழுவதும் அவர்கள் பெயரில் நின்றது. ஒரேலியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே கீழே கறுப்பு வெள்ளை என்று பார்க்காமல் உட்காரலாம் என்று ஆகிவிட்டது. அப்பா அப்போதும் மாடப்படிதான் ஏறினார். ஏன் என்று கேட்டால், மேலே காற்று நன்றாக வருகிறது என்பார்.

அந்தக் காற்றை அவள் வெறுத்தாள். கீழேயுள்ள அத்தனை வெள்ளை முகங்களும் நிமிர்ந்து தன்னையே பார்ப்பதாக ஒவ்வொரு ஞாயிறும் உடம்பு கூசும். முழங்காலை இழுத்துக்கொண்டு பெஞ்சின் மூலையில் சுருண்டிருப்பாள். கல்லூரிக்குப் போன வருஷம், இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அம்மாவின் அடக்க ஆராதனையைக்கூடக் கல்லறையருகே நின்றே முடித்துக்கொண்டாள்.

கமிட்டிக்கும் மாடம் ஒரு முள்ளாகவே இருந்தது. கோயிலைத் தொடக்கத்தில் இருந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அடிமைக் காலத்து அவமானத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு வருஷக் கணக்காகிறது. ஆனால் வெண்டல் ஈஸ்டருக்கு ஈஸ்டர் தவறாமல் ஏறி உட்கார்ந்தார். அவர் தாழ்மையால் உட்காருகிறார் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். தங்களைக் குத்திக்காட்ட உட்காருகிறார் என்று மீதிப் பேர் நினைத்தார்கள். ஏன் உட்காருகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நாகரிகமில்லை.

"ஜட்ஜம்மா," என்றார் அப்பா. மூச்சு திரும்பியிருந்தது. "ஒரு கட்சியை மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்வியா?"

"மாட்டேன்."

"கீழே ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கியா?"

அவள் யோசித்தாள். மாடத்திலிருந்து இறங்கி நேராக வாசல், வாசலிலிருந்து நேராக நார்ஃபோக். நற்கருணைக்குப் போகும்போதுகூடத் தரையைப் பார்த்தபடி போய் வந்தவள்.

"உட்கார்ந்ததில்ல."

"அப்ப முதல்ல கீழே உட்கார்ந்து மேலே பாரு. அப்புறம் மேலே ஏறிக் கீழே பாரு. அதுக்கப்புறம் கடப்பாரை வாங்கு, நான் தடுக்கல."

"அதை நீங்களே சொல்லிட்டா என்ன?"

"சொன்னா நீ குறுக்கு விசாரணை பண்ணுவ," என்றார். "எனக்கு அதுக்கெல்லாம் மூச்சில்ல."

தாடைக்குக் கீழே கத்தியைக் கொண்டுபோனபோது, போதும், கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் ஓரம் நரைமுடி அப்படியே நின்றுவிட்டது. அவள் விட்டுவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

பிற்பகலில் பர்விஸ் சித்தப்பா வந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். அந்தப் பெரியப்பா பின்னாளில் சாலையைத் தாண்டிப் போய்விட்டதால், இவர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போலப் பேச்சு வந்த நாளிலிருந்து ஒரே சண்டைதான். அந்தப் புறாக்கூண்டில் உட்கார்ந்து என்னடா கண்டாய், சாலையைத் தாண்டி வந்தால் நல்ல பாட்டாவது கிடைக்கும் என்று அவர் தொடங்குவார். உங்கள் சபையில் கத்துகிற கத்தலில் சிப்பியெல்லாம் வாயைத் திறந்துவிடுகிறது என்று இவர் முடிப்பார். அன்றைக்கும் சித்தப்பா வழக்கம்போலத் தொடங்கினார். அப்பா உதட்டை மட்டும் அசைத்தார், குரல் வரவில்லை. சித்தப்பா பேச்சை நிறுத்திக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதங்களை ஒவ்வொன்றாக மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் படுக்கையை விட்டு இறங்கும் நேரத்தில் அப்பா ஒருமுறை நீளமாக மூச்சை விட்டார். அடுத்த மூச்சுக்கு இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

சித்தப்பா எழுந்து வெளியே போய்த் தோட்டத்தைப் பார்த்து நின்றார். ஒரேலியா கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, நுரை கலக்கி, தாடைக்குக் கீழே மிச்சமிருந்ததைச் சிரைத்தாள். இப்போது அவர் கூசவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதபடியே வேலையைச் சரியாக முடித்தாள், ஒரு கீறல் விழவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. அடக்கம் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. காலையிலேயே ரோசமண்ட் கார்னெட் ஒரு முழுப் பன்றித் தொடையைச் சுட்டுத் தட்டில் வைத்து, துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். அந்த ஊரில் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. ரோசமண்ட் கமிட்டியின் தலைவி, எழுபதைத் தாண்டியவள். கைத்தடி ஊன்றினாலும் முதுகு வளையாது. பீடத்துக்கு வலப்பக்கம் முதல் பெட்டி கார்னெட் பெட்டி, கோயில் எழும்பிய நாள்முதல் அவர்களுடையது. அவளுடைய ஒரே மகன் ஒரு பனிக்காலத்தில் கழிமுகத்தில் படகு கவிழ்ந்து போனான். கணவன் அதற்கு முன்பே போய்விட்டான். கார்னெட் என்று சொல்ல இப்போது அவள் ஒருத்திதான்.

தட்டைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, மிஸ்டர் லாக்லியைப் போல ஒரு மனிதர் இனி வரப் போவதில்லை என்று சொன்னாள். உண்மையாகவே சொன்னாள், கண் சிவந்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த நேரத்தில் இதைப் பேசுவது முறையில்லைதான் என்று தொடங்கி அதையே பேசினாள்.

"மாடத்தை மரியாதையோடதான் இறக்குவோம், ஜட்ஜ் லாக்லி. ஒரு பலகையைக்கூட வீசமாட்டோம். இடப்பக்கம் முதல் பெட்டி உங்க குடும்பத்துக்கு. பித்தளைத் தகட்டுல உங்கப்பா பேர் போட்டுத் தயாரா இருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க அதுல உட்கார்ந்தா எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதலா இருக்கும்."

தகடு தயாராக இருக்கிறது என்ற சொல் ஒரேலியாவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் மூச்சு நிற்கும் முன்பே பெயர் வெட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பெண் கேட்பதில் தவறொன்றும் தெரியவில்லை. கீழே உட்கார வேண்டும் என்ற ஒரேலியாவின் சின்ன வயதுப் பிரார்த்தனையைத்தான் அவள் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறாள்.

"மிஸ் ரோசமண்ட், அவர் ஏன் மேலே உட்கார்ந்தார்னு ஒருதடவையாவது கேட்டீங்களா?"

"அது எப்படிக் கேட்கிறது?" ரோசமண்ட் திகைத்துப் போனாள். "மனசு புண்படுமே."

யார் மனசு என்று கேட்க ஒரேலியா வாயெடுத்தாள். கேட்கவில்லை. தானும் 'ஏன்' என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனவள்தானே.

வழியனுப்பப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். ஆணியில் அப்பாவின் தகர வாளிகள் தொங்கின, எல்லாவற்றின் பிடியிலும் நீல வண்ணம். படகுக்கு அடித்ததில் மிஞ்சியதை அவர் வாளிக்குப் பூசுவார். ரோசமண்ட் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கைத்தடி இல்லாத கையை நீட்டி ஒரு பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"அப்பாவோடது."

ரோசமண்ட் தாழ்வாரத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் போன அந்தக் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுப் பின்படியில் ஒரு வாளி சிப்பி இருக்கும், ஈரச் சாக்கு போட்டு மூடி. நீலப் பிடி போட்ட வாளி. காலி வாளியைப் படியில் வைத்தால் எப்போது எடுத்துப்போகிறார்கள் என்றே தெரியாது. அந்த நாட்களில் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் சிப்பி கெட்டுப்போகுமே என்று அடுப்பு மூட்டுவாள். மூட்டிவிட்டபிறகு சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். இதையெல்லாம் அவள் வாளியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"யார்கிட்டயும் நான் கண்ணீர் விட்டதில்ல. அடக்கத்தன்னைக்குக்கூட எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசினேன். நல்லா தேறிட்டாங்கன்னு ஊரே சொல்லிச்சு. உங்கப்பாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஒரேலியாவுக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

சனிக்கிழமை, சவப்பெட்டி வரும் வழியைப் பார்த்துவைக்கக் கோயிலுக்குப் போனார்கள். சித்தப்பாவும் கூட வந்தார். சவப்பெட்டியை முன்னால் பிடிக்கப் போகிறவர் அவர். தன் சபை சாலைக்கு எதிர்ப்பக்கமே இருந்தும் அந்தக் கோயிலுக்குள் அவர் கால் வைத்ததேயில்லை. குருவானவர் சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாளைக்கான பூக்களைக் கவனிக்கப் போய்விட்டார். உள்ளே லில்லிப் பூவும் பழைய மரமும் கலந்த வாசனை. சித்தப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். இதெல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கல்லாமே என்று கேட்டார். அந்தக் கரையில் எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா சனிக்கிழமைகளில் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டும்போது, அந்த இடம் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்தி, "கழிமுகத்துக் களிமண், நம்ம ஆளுங்க சூளை, இங்கிலாந்துலேர்ந்து வந்தது பில்லு மட்டும்தான்" என்பாராம். அதைச் சொல்லிச் சித்தப்பா தனியே சிரித்துக்கொண்டார்.

ஒரேலியா இடப்பக்கம் முதல் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். தகடு புதுசாக மின்னியது. அப்பாவின் பெயரைத் தப்பில்லாமல் வெட்டியிருந்தார்கள். பிறகு அவர் சொன்னபடி திரும்பி மேலே பார்த்தாள்.

மாடத்தின் முகப்பில் நெஞ்சுயரத்துக்குப் பலகை அடைத்திருந்தது. அதற்கு மேல் வெறும் கூரை. அவ்வளவுதான். ஒரு பெஞ்சு தெரியவில்லை. எந்தப் பெட்டியில் போய் உட்கார்ந்து பார்த்தாலும் பலகைதான் தெரிந்தது. எழுந்து நிற்கும் பெரியவர்களின் உச்சந்தலை தெரியலாம். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு சிறுமியை இங்கிருந்து பார்க்கவே முடியாது. யாரும் அவளைப் பார்த்ததேயில்லை. ஊரை விட்டு, அப்பாவை விட்டு அவளைத் துரத்திய அந்த அத்தனை கண்களும் அங்கே இருந்ததே கிடையாது.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று பிடிபடாத கோபம். பார்க்க விரும்பாதவர்கள் எழுப்பிய பலகை அது, அதில் சந்தேகமில்லை. பிரசங்கம் கேட்கும்போது தங்கள் அடிமைகளின் முகம் கண்ணில் படக் கூடாது என்று அடைக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்கும் தலைகுனிந்து உட்கார்ந்தாரா அப்பா?

"சித்தப்பா, இங்கேயே உட்காருங்க," என்று சொல்லிவிட்டு மாடப்படி ஏறினாள். படி முன்னைவிடக் குறுகியிருந்தது, அல்லது அவள் பெருத்திருந்தாள். மேலே அதே மூலை, அதே பெஞ்சு. அப்பா உட்காரும் இடத்தில் மரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி பலகையின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கியிருந்தது. சின்ன வயதில் அந்த இடைவெளியைக் கவனித்ததாக அவளுக்கு நினைவில்லை. அவள் எங்கே கீழே பார்த்தாள்?

இப்போது பார்த்தாள். கோயில் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடந்தது. பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரியாதது எல்லாம் இங்கே தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியும் தரைவரை திறந்து கிடந்தது, மூடியெடுத்த பாத்திரம் மாதிரி. சித்தப்பா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, டாக்டர் வேண்டாமென்ற மிட்டாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா போயிட்ட? ஆளைக் காணோமே," என்று மேலே பார்த்துக் கேட்டார்.

"உங்க எதிர்லதான் இருக்கேன். அந்த மிட்டாயை உள்ளே வைங்க."

சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு பலகையையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய அப்பா சொல்லிக் கேட்டதை அப்போதுதான் அவர் சொன்னார். பலகையை அடை என்று எஜமானர்கள் சொன்னார்கள். அடைத்தவன் அப்சலோம். யாரை எங்கே விற்கப் போகிறார்கள், யார் வீட்டில் கடன் முற்றியிருக்கிறது என்பதெல்லாம் கீழே பெட்டிக்குள் தலைகள் நெருங்கிப் பேசுவதிலிருந்தே மேலே தெரிந்துவிடுமாம். தெரிந்தால் ஓடவேண்டியவன் ஓடலாம், விடைபெற வேண்டியவள் பிள்ளையை ஒருமுறை கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். பலகைக்குப் பின்னால் யார் கையை யார் பிடித்தாலும் கீழே தெரியாது. அந்தக் காலத்தில் அவர்கள்மேல் ஒரு கண்ணும் படாத இடம் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

"இதெல்லாம் கட்டுக்கதைன்னு நான் நினைச்சுட்டிருந்தேன்," என்றார் சித்தப்பா. "ஆயுசு பூரா அவனைப் புறாக்கூண்டுன்னு கேலி பண்ணியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல பாரு, திருட்டுப்பய." கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மேலிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரேலியாவின் பார்வை வலப்பக்கம் முதல் பெட்டிக்குப் போனது. முழங்காலிடும் மெத்தை, அதன் ஓரத்தில் கசங்கிய கைக்குட்டை. அந்தக் குளிர்காலத்தில் ரோசமண்ட் நிமிர்ந்த முதுகோடு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, மற்றவர்கள் பார்வைக்குக் கீழே குனிந்திருப்பாள். அவளைப் பார்த்தது இந்த இடைவெளி ஒன்றுதான். பார்த்தவர் அதைப் பற்றி யாரிடமும் பேசாமல், சனிக்கிழமை விடியலில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். காற்று நன்றாக வருகிறது என்று சொன்ன மனிதர். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே அப்பா என்று ஒரேலியா அந்தத் தேய்ந்த மரத்தை அறைந்தாள். அவரை இவ்வளவு பெருமையாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்தபோது அவர் இல்லை.

ஈஸ்டர் காலையில் கோயில் நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லாருக்கும் புதுத் தொப்பி. ஒரேலியா உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. இடப்பக்கம் முதல் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரோசமண்ட் நின்றிருந்தாள். அகலமான விளிம்பு வைத்த இளநீலத் தொப்பி. ஒரேலியா நேராக அவளிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி, மிஸ் ரோசமண்ட். எனக்கு மேலே இடம் இருக்கு."

ரோசமண்ட் கதவை மட்டும் மெல்லச் சாத்தினாள். அவளுக்கு ஏமாற்றம் என்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை கேட்டீங்களே, அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு," என்றாள் ஒரேலியா தாழ்ந்த குரலில். "அங்கேருந்து தெரியும்."

ரோசமண்ட் திரும்பி மேலே பார்த்தாள். பலகையைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரேலியா படியேறி அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு தொடங்கியது. எழுந்து நின்றாள், பாடவில்லை. பாட்டு முடிந்ததும் குருவானவர் பீடத்தருகே வந்து கைகளை விரித்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல மறந்ததல்ல. எத்தனையோ வருஷமாக அந்தப் பதில் முதலில் மேலேயிருந்து வெண்டல் லாக்லியின் கட்டைக்குரலில் இறங்கும், அதற்குப் பின்னால்தான் கீழே உள்ளவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பழக்கத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கிறோம் என்பது தெரிந்த பிறகும் முந்திக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. குருவானவரின் கைகள் விரித்தபடியே நின்றன.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்," என்றாள் ஒரேலியா. நீதிமன்றத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். கீழே கோயில் முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதல் வாசகம் வாசிக்க ஒருவர் எழுந்து போனார். ஒரேலியா இடைவெளியில் கண்ணை வைத்தாள். கமிட்டிப் பொருளாளர் கையில் ஜெப புத்தகத்தோடு வாசகத்தைக் கேட்காமல் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் திரும்பினாள். வலப்பக்கம் முதல் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெத்தையும் கைக்குட்டையும் மட்டும் இருந்தன.

படியில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஒரு படி, பிறகு மூச்சு வாங்க நேரம், பிறகு அடுத்த படி. கீழே வாசிப்பவர் தடுமாறி, விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடர்ந்தார்.

ரோசமண்ட் மேலே வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, அதுவரை காலியாகக் கிடந்தால் கார்னெட் பெட்டி கமிட்டிக்குப் போய்விடும். இப்போதே இறங்கிப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்தச் சபை அப்படிப்பட்டதுதான். ஒரேலியா அதைச் சொல்லலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து, அப்பாவின் இடத்தைக் காலி செய்தாள்.

ரோசமண்ட் அதில் உட்கார்ந்து இடைவெளிக்குக் குனிந்தாள். தொப்பியின் விளிம்பு பலகையில் இடித்தது. இன்னொரு முறை குனிந்தாள், மறுபடியும் இடித்தது. தொப்பியைக் கழற்றி இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்துவிட்டு, நெற்றியைப் பலகையில் சாய்த்துத் தன் பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரேலியா தொப்பி பறந்துவிடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.